இன்றைய ஜாஸ் கலைஞர்களைத் தேடிக் கேட்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜாஸ் கேட்கத் தொடங்கிய புதிதில் நான் செய்த பிழையைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள் என்றொரு பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து வரிசையாகக் கேட்டு, கேட்டு முடித்ததைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். பதினான்காவதோடு சலித்துப்போய், பட்டியலை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அந்த ஆல்பங்களில் குறை ஒன்றும் இல்லை. 1950களிலும் 60களிலும் பதிவான அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டவை. அந்தப் பேச்சின் நடுவே போய் உட்கார்ந்த எனக்கு யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதே விளங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் தொடங்கியபோது எதிர்த்திசையில் போனேன். இப்போது மேடையேறிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்கி, அவரோடு வாசிப்பவர்கள் யார், அவர்கள் வேறு யாரோடெல்லாம் வாசித்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பின்தொடர்ந்தேன். ஜாஸ் என்பது அடிப்படையில் கூட்டு வாசிப்பு என்பதால் இந்த வழி அதன் இயல்போடு ஒத்துப்போகிறது. அதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் காதுக்குப் பழகிய வாசல் வழியாக நுழையுங்கள்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஜாஸைப் புதுப்பித்துவரும் கலைஞர்கள் எல்லாரும் ஒரே திசையிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆகவே நீங்கள் ஏற்கெனவே எதைக் கேட்டு வளர்ந்தீர்களோ அதற்குப் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொடங்குவதே நல்லது.

ஹிப்ஹாப் கேட்பவராக இருந்தால், ஹூஸ்டனைச் சேர்ந்த பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் 2012இல் வெளியிட்ட 'பிளாக் ரேடியோ' உங்களுக்கு எந்தச் சிரமமும் தராது. புளூ நோட் என்ற பழம்பெரும் ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பம் மறு ஆண்டு கிராமி விருது பெற்றது; ஆனால் ஜாஸ் பிரிவில் அன்று, ஆர் அண்ட் பி பிரிவில். இசை எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. கென்ட்ரிக் லாமர் 2015இல் வெளியிட்ட 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' ஆல்பத்தில் கிளாஸ்பர், சாக்ஸபோன் கலைஞர்கள் கமாசி வாஷிங்டன், டெரஸ் மார்ட்டின், பாஸ் கிட்டார் கலைஞர் தண்டர்கேட் ஆகியோர் எல்லாரும் இருக்கிறார்கள். அதே ஆண்டு வாஷிங்டன் தன் பெயரில் வெளியிட்ட 'தி எபிக்' மூன்று தட்டுகளில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது; பாடகர் குழுவும் வயலின் கூட்டமும் பின்னால் எழுந்து வர, லாஸ் ஏஞ்சலிஸில் சிறு வயது முதலே சேர்ந்து வாசித்துவந்த நண்பர்களோடு அவர் செய்தது. அதை ஒரே மூச்சில் கேட்க முயல வேண்டாம். பன்னிரண்டு நிமிடம் ஓடும் முதல் உருப்படியை மட்டும் இரண்டு மூன்று நாள் கேட்டுவிட்டு, பிடித்திருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

கால் தாளம் போடும் இசைதான் பிடிக்கும் என்பவர்கள் லண்டனின் எஸ்ரா கலெக்டிவ் குழுவிலிருந்து தொடங்கலாம். ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவின் 'வேர் ஐயம் மென்ட் டு பி' 2023இல், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்குரி பரிசைப் பெற்றது. ஒரு ஜாஸ் குழு அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல்முறை. நைஜீரிய ஆஃப்ரோபீட்டும் கரீபிய ரெகேயும் அதில் ஜாஸோடு கலந்திருக்கும் விதத்தைப் பார்த்து, இது ஜாஸ்தானா என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு அமைதியாகக் கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு பரிந்துரை: எண்பது வயதில் இருந்த சாக்ஸபோன் மேதை ஃபரோ சாண்டர்ஸ், மின்னணு இசைக் கலைஞர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸோடும் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட 'பிராமிசஸ்'. சில சுரங்களே கொண்ட ஒரு சிறு சுரக்கோவை முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் சாக்ஸபோன் எப்போதாவது பேசுகிறது. மறு ஆண்டு சாண்டர்ஸ் காலமானார்.

கச்சேரிகளுக்குப் போய்வருபவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. அது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. கர்நாடக மாநிலத்தை வேராகக் கொண்ட அமெரிக்கரான ருத்ரேஷ் மஹந்தப்பா, ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். பாஸ்டனில் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அண்ணன் வேடிக்கையாகக் கொடுத்த ஒலிப்பதிவு ஒன்றில்தான் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பை முதன்முதலில் கேட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த 'கின்ஸ்மென்' 2008இல் வெளிவந்தது. வயலினில் அ. கன்னியாகுமரி, மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜி, மறுபக்கம் கிட்டாரும் டபுள் பாஸும் டிரம்ஸும். இரண்டு பேரும் ஒரே கருவியைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கோபால்நாத் சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் மஹந்தப்பா நறுக்கு நறுக்கென்று வெட்டிப் போகிறார். யார் வாசிப்பது எது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிய முயன்றாலே ஜாஸ் சாக்ஸபோனின் உச்சரிப்பு பாதி பிடிபட்டுவிடும். இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், கிட்டார் கலைஞர் பிரசன்னாவோடும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவோடும் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா'.

இரண்டாம் படி: ஓர் உருப்படியை மூன்று முறை கேளுங்கள்

புதிதாகக் கேட்பவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை, "தொடக்கம் நன்றாக இருக்கிறது, நடுவில் எங்கோ தொலைந்துபோகிறது" என்பது. நடுவில் நடப்பது மனோதர்மம், அவ்வளவுதான். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக அதன்மேல் தம் கற்பனையை விரிப்பார்கள், கடைசியில் எல்லாரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து நிரவல், கல்பனாஸ்வரம் என்று போய்ப் பல்லவிக்கு வந்து சேருவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தப் பயணம் புதிதன்று. வேறுபாடு ஒன்று உண்டு. கச்சேரியில் மாறாமல் நிற்பது ராகமும் தாளமும். ஜாஸில் அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது சுரக்கூட்டுகளின், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் (கார்டு), வரிசை. அந்த வரிசை அடியில் சுழன்றுகொண்டே இருக்க, மேலே வாசிப்பவர் அது மாறும் ஒவ்வொரு இடத்திலும் தன் வழியையும் மாற்றிக்கொள்கிறார். இன்றைய கலைஞர்களில் பலர் அந்த வரிசையையும் சுருக்கி, ஒன்றிரண்டு சுரக்கூட்டுகளையும் ஒரு தாளக்கட்டையும் மட்டும் வைத்துக்கொள்வதால், பழைய ஜாஸைவிட இவர்களைப் பின்தொடர்வது நம்மவர்களுக்கு எளிது என்பது என் அனுபவம்.

ஆகவே ஒரே உருப்படியை எடுத்துக்கொண்டு, முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை, முன்னால் வாசிப்பவரைக் காதால் ஒதுக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை, அடியில் கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பாஸை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் எழுந்து போகும் பழக்கமுள்ளவர்கள் இந்த இடத்தில் அதை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைமுறையின் புதுமையில் பெரும்பங்கு டிரம்ஸில்தான் நடந்திருக்கிறது.

இதற்கு நான் புதியவர்களுக்குக் கொடுப்பது விஜய் ஐயர் மூவர் குழுவின் 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்தில் உள்ள 'கலாங்'. மூல வடிவம் லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பின்னணியுடைய பாடகி எம்.ஐ.ஏ.யின் பாட்டு; தன் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து அவர் 2005இல் வெளியிட்ட 'அருளர்' ஆல்பத்தில் இருப்பது. அதை 2009இல் ஐயர், பாஸ் கலைஞர் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் கலைஞர் மார்கஸ் கில்மோர் மூவரும் குரலே இல்லாமல் மூன்று நிமிடத்துக்குள் வாசித்து முடித்துவிடுகிறார்கள். கணினியில் தட்டிச் செய்த தாளத்தை மனிதக் கைகள் எடுத்துக்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பதை அதில் கேட்கலாம். பியானோ மெட்டுக் கருவியாக இருப்பதை விட்டு முழுக்கத் தாளக் கருவியாகிவிடுகிறது. முதலில் எம்.ஐ.ஏ.யின் பாட்டு, உடனே இவர்களுடையது, மறுபடியும் அவருடையது என்று மாற்றி மாற்றிக் கேட்டால் பத்து நிமிடத்தில் ஒரு பாடமே முடிந்துவிடும். ஐயர் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். ஆனாலும் இந்த மூன்று நிமிடத்தைக் கேட்க எந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாஸை மட்டும் கேட்கும் பயிற்சிக்கு, சன்ஸ் ஆஃப் கெமெட் குழுவின் 'யுவர் குவீன் இஸ் எ ரெப்டைல்' (2018). குழுவில் பாஸ் கிட்டாரே கிடையாது. இரண்டு டிரம்ஸ், ஷபாகா ஹட்சிங்ஸின் சாக்ஸபோன், அடியில் தியோன் கிராஸின் டியூபா. அணிவகுப்பு வாத்தியக் குழுக்களில் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊதும் அந்தப் பெரிய பித்தளைக் குழாய்தான் இங்கே பாஸாக வேலை செய்கிறது. ஒன்பது உருப்படிகளுக்கும் ஒன்பது கறுப்பினப் பெண்களின் பெயர். முதலாவது ஹட்சிங்ஸின் கொள்ளுப்பாட்டி.

மூன்றாம் படி: வாசித்தவர்களின் பெயர்களைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள். பிடித்த ஆல்பம் ஒன்று கிடைத்ததும் அட்டையில் உள்ள முதன்மைப் பெயரோடு நின்றுவிடாமல், டிரம்ஸ் யார், பாஸ் யார், தயாரித்தவர் யார், எந்த ஊரில் பதிவானது என்று தேடிப் படியுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் இந்த விவரம் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும், பல சமயம் அரைகுறையாகவே இருக்கும். கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தின் பக்கத்திலேயே பெரும்பாலும் முழுமையாக எழுதியிருப்பார்கள். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பெயர், கருவி, ஊர், ஆல்பம் என்று நான்கு பத்தி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் மூன்றாம் முறை வந்தால் அடிக்கோடு இடுங்கள். அடுத்து கேட்க வேண்டியவர் அவர்தான்.

இதற்கென்றே செய்து வைத்ததுபோல ஓர் ஆல்பம் இருக்கிறது. சிகாகோவைச் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் மகாயா மெக்ரேவன் 2018இல் வெளியிட்ட 'யூனிவர்சல் பீயிங்ஸ்'. இரட்டைத் தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஓர் ஊர்: நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்க் கலைஞர்களோடு முன்தயாரிப்பு இல்லாமல் வாசித்து, அதைப் பதிவு செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் வெட்டி ஒட்டிப் புது உருப்படிகளாக ஆக்குவது அவருடைய முறை. இதற்கு முன் 2015இல் வந்த 'இன் த மொமென்ட்' இப்படித்தான் உருவானது: ஓர் ஆண்டில் 28 நிகழ்ச்சிகள், 48 மணி நேர ஒலிப்பதிவு, அதிலிருந்து கடைந்தெடுத்த ஓர் ஆல்பம். ஹிப்ஹாப் தயாரிப்பாளர் பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுப்பதைப் போல இவர் தன் வாசிப்பிலிருந்தே துண்டுகளை வெட்டுகிறார். மேடையில் பிறந்த கணம் எது, மேசையில் தைத்த இடம் எது என்று கண்டுபிடிக்க முயன்று நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

இப்போது அந்த நான்கு பக்கங்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் பக்கத்தில் ஹார்ப் என்ற மேலைநாட்டு யாழை வாசிப்பவர் பிராண்டி யங்கர், உலோகப் பட்டைகளைத் தட்டி ஒலிக்கும் வைப்ரஃபோனை வாசிப்பவர் ஜோயல் ராஸ், டபுள் பாஸ் டெஸ்ரான் டக்ளஸ். சிகாகோ பக்கத்தில் பாஸ் கலைஞர் ஜூனியஸ் பாலோடு, லண்டனிலிருந்து வந்திருந்த ஷபாகா ஹட்சிங்ஸ். ஆம், மேலே டியூபாவோடு வாசித்த அதே ஷபாகா. லண்டன் பக்கத்தில் சாக்ஸபோன் நூபியா கார்சியா, விசைப்பலகை ஆஷ்லி ஹென்றி, பாஸ் டேனியல் கேசிமிர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் கிட்டார் ஜெஃப் பார்க்கர், ஆல்டோ சாக்ஸபோன் ஜாஷ் ஜான்சன், பாஸ் ஆனா பட்டர்ஸ். நோட்டுப் புத்தகத்தில் ஒரே மாலையில் புதிதாகப் பத்துப் பெயர்.

இவற்றில் ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோகிறது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். ஜோயல் ராஸின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய 'கிங்மேக்கர்' (2019) கிடைக்கும். அதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் இமானுவேல் வில்கின்ஸ் மறு ஆண்டே 'ஒமேகா' என்ற தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். கறுப்பின வாழ்வின் துயரத்தையும் வழிபாட்டையும் சொற்களின்றிச் சொல்லும் அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் பியானோ கலைஞர் ஜேசன் மோரன். இதோ இன்னொரு பெயர். ஜெஃப் பார்க்கரைப் பின்தொடர்ந்தால், லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு சிறிய மதுவிடுதியில் திங்கட்கிழமைதோறும் நால்வராக வாசித்த இரவுகளிலிருந்து எடுத்து 2022இல் வெளியான 'மண்டேஸ் அட் தி என்ஃபீல்ட் டென்னிஸ் அகாடமி' வரும். இருபது நிமிடம் ஓடும் நீண்ட உருப்படிகள், அவசரமே இல்லாத இசை, அதே ஜான்சனும் அதே பட்டர்ஸும். நூபியா கார்சியாவைப் பின்தொடர்ந்தால் 'சோர்ஸ்' (2020), அதற்குப் பின்னால் லண்டன் முழுவதும். லண்டனுக்குத் தனியே ஒரு படி ஒதுக்க வேண்டும்.

நான்காம் படி: ஊரையும் பள்ளியையும் பாருங்கள்

ஓர் ஊரில் ஒரே காலத்தில் இருபது முப்பது நல்ல கலைஞர்கள் முளைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். லண்டனில் அந்தக் காரணத்தின் பெயர் டுமாரோஸ் வாரியர்ஸ். பாஸ் கலைஞர் கேரி கிராஸ்பியும் ஜனீன் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கிய இந்த அமைப்பு, கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்கும் ஜாஸ் கிடைக்க வேண்டும் என்பதற்காக இலவசமாகப் பயிற்சி தருகிறது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே தனிக் கவனம் உண்டு. எஸ்ரா கலெக்டிவ் குழுவினர் ஒருவரையொருவர் சந்தித்தது அங்கேதான். நூபியா கார்சியா, ஷபாகா, தியோன் கிராஸ், டிரம்ஸ் கலைஞர் மோசஸ் பாய்ட் எல்லாரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். மெர்குரி பரிசை வாங்கிய மேடையில் எஸ்ரா கலெக்டிவின் டிரம்ஸ் கலைஞர் ஃபெமி கொலியோசோ நன்றி சொன்னதும், இளைஞர்கள் இசை பழக நேரம் செலவழித்த இப்படிப்பட்டவர்களுக்குத்தான். நம்மூர் சபாக்களும் இசைப் பள்ளிகளும் அதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அது வேறு கதை.

லண்டனை ஒரே ஆல்பத்தில் கேட்டுவிட வேண்டுமென்றால், பிரவுன்ஸ்வுட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 'வீ அவுட் ஹியர்' தொகுப்பைக் கேளுங்கள். ஒன்பது உருப்படி, ஒன்பது முகம், இசை இயக்கம் ஷபாகா.

மற்ற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவுக்கு இன்டர்நேஷனல் ஆந்தம் நிறுவனம். மெக்ரேவனை உலகத்துக்குக் காட்டியது அதுதான். லாஸ் ஏஞ்சலிஸுக்கு பிரெய்ன்ஃபீடர். தென்னாப்பிரிக்காவுக்கு, புளூ நோட் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் தென்னாப்பிரிக்கக் கலைஞரான பியானோ கலைஞர் ந்டுடூசோ மகதினி. இந்த நிறுவனங்களின் அண்மை வெளியீடுகளை மாதம் ஒருமுறை புரட்டினால் போதும்.

ஐந்தாம் படி: இப்போது பழையதற்குப் போகலாம்

தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த பழைய ஆல்பங்களை இந்த இடத்தில் எடுங்கள், ஆனால் பட்டியல்படி எடுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்துப்போன இன்றைய கலைஞர் யாரை வணங்குகிறாரோ அவரை எடுங்கள். பிராண்டி யங்கரையே பார்ப்போம். ஹார்ப்பை ஜாஸில் வாசித்தவர்கள் மிகச் சிலர். யங்கர் 2023இல் வெளியிட்ட 'பிராண்ட் நியூ லைஃப்' அவர்களில் ஒருவரான டாரதி ஆஷ்பிக்கு அவர் செய்த வணக்கம். தயாரித்தவர் நம் மெக்ரேவன். ஆஷ்பி டெட்ராய்ட் நகரத்தவர். அதே ஊரில் பிறந்த இன்னொருவர் ஆலிஸ் கோல்ட்ரேன். அவருடைய கணவரான சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் வீட்டுக்கென்று ஒரு ஹார்ப் செய்யச் சொல்லியிருந்தார். 1967இல் அவர் இறந்த பிறகுதான் அது வந்து சேர்ந்தது. ஆலிஸ் அதை வாசிக்கத் தொடங்கினார்.

அவருடைய 'ஜர்னி இன் சச்சிதானந்தா' 1971இல் வெளிவந்தது. தம்புராவின் ரீங்காரமும், அதன்மேல் டபுள் பாஸின் அசைந்தாடும் ஒரு சுற்றும், அவற்றினூடே ஹார்ப்பின் அலையும், பிறகு ஃபரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும். தலைப்பில் இருப்பவர் அவருடைய குருவான சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்தவர். கமாசி வாஷிங்டனின் பாடகர் குழுவும், 'பிராமிசஸ்' ஆல்பத்தின் நிதானமும், யங்கரின் ஹார்ப்பும் எங்கிருந்து வருகின்றன என்று இந்த ஆல்பத்தைக் கேட்டதும் தெரிந்துவிடும். என் நூறு ஆல்பப் பட்டியலில் இது எழுபத்துச் சொச்சத்தில் இருந்தது. பதினான்கிலேயே நின்றுவிட்ட நான் அதை அன்றைக்கு எட்டவே இல்லை.

ஆறாம் படி: எங்கே கேட்பது, எதில் செலவழிப்பது

"படிக்கும்போது கேட்க ஜாஸ்", "மழைக்கால காபி ஜாஸ்" என்று வரும் தொகுப்புகளைத் தவிருங்கள். அவற்றில் வாசித்தவர் யார் என்பதே பெரும்பாலும் தெரியாது. பெயர் தெரியாத இசையிலிருந்து அடுத்த பெயருக்கு எப்படிப் போவது? செயலி தானாகத் தள்ளிவிடும் பரிந்துரைகளும் விரைவில் உங்களை அதே பின்னணி இசைக்குள் கொண்டுபோய்விடும். தேடுவதற்குச் செயலியைப் பயன்படுத்துங்கள், தேர்ந்தெடுப்பதை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

யூடியூபில் நேரடி நிகழ்ச்சிகளைப் பார்ப்பது ஆல்பம் கேட்பதைவிடப் புதியவர்களுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் யார் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள், எந்தச் சைகையில் அடுத்தவர் தொடங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வாஷிங்டனில் ஒரு வானொலி அலுவலகத்தின் மேசைக்குப் பின்னால் நடக்கும் 'டைனி டெஸ்க்' நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை. ஒரு கலைஞரைப் பார்த்து இவர் நமக்கானவரா என்று தீர்மானிக்க அது போதும்.

பணம் கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால் பேண்ட்கேம்பில் வாங்குங்கள். கோப்பாக விற்கும் இசையில் அந்தத் தளம் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, கட்டணச் செலவு போக மிச்சத்தைக் கலைஞருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ கொடுக்கிறது. மாதத்துக்கு ஓர் ஆல்பம் என்று வைத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்கியதை நாம் மூன்று முறையாவது கேட்போம் என்ற நன்மையும் உண்டு. செவிப்பொறி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். டபுள் பாஸின் கீழ்ச் சுரங்கள் அதில் காணாமல் போய்விடும், மேலே சொன்ன பாதிப் பயிற்சி வீணாகும்.

ஏழாம் படி: காதுக்குக் கசப்பதையும் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் முதல்முறையிலேயே பிடித்துப்போகக்கூடியவை. அவற்றோடு நின்றுவிட்டால் பாதிதான் கேட்டதாகும். கிட்டார் கலைஞர் மேரி ஹால்வர்சன் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அதை மெழுகுபோல வளைத்து உருகவிடுவார். முதல்முறை கேட்டபோது என் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அவருடைய 'அமரிலிஸ்' (2022) நல்ல தொடக்கம். ட்ரம்பெட் கலைஞர் ஜேமி பிராஞ்ச் 2017இல் வெளியிட்ட 'ஃப்ளை ஆர் டை' இன்னும் கரடுமுரடானது. பங்க் இசையின் கோபமும் தெருவோர வாத்தியக் குழுவின் குதூகலமும் அதில் இருக்கின்றன. 2022இல் 39 வயதில் அவர் இறந்துபோனார். ஏறத்தாழ முடித்து வைத்துவிட்டுப் போன கடைசி ஆல்பம் மறு ஆண்டு வந்தது. இவற்றை வாரம் ஒருமுறை, ஒரே ஒரு உருப்படி மட்டும், வேறு வேலை இல்லாதபோது கேளுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் தயக்கமின்றி விட்டுவிடலாம்.

இதெல்லாம் ஜாஸ்தானா என்ற சண்டை உங்கள் காதிலும் விழும். அந்தச் சொல்லே வேண்டாம், கறுப்பின அமெரிக்க இசை என்று சொல்லுங்கள் என்கிற ட்ரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேய்ட்டனைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். தொடங்குபவர்கள் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிரம்பியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஷபாகா ஹட்சிங்ஸ் 2023இன் இறுதியோடு சாக்ஸபோனை ஓரமாக வைத்துவிட்டு, ஜப்பானிய ஷகுஹாச்சி உள்ளிட்ட குழல்களின் பக்கம் போய்விட்டார். அடுத்த ஆண்டு கானவ்யா என்ற பாடகியின் ஆல்பம் ஒன்று அவருடைய சிறு நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர் அவர். அதே 2024இல் ஷபாகா தன் பெயரில் வெளியிட்ட 'பர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெட்ஜ் இட்ஸ் கிரேஸ்' ஆல்பத்தின் கலைஞர் பட்டியலை எடுத்து, உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹார்ப், பிராண்டி யங்கர். பியானோ, ஜேசன் மோரன். மின்னணுக் கருவி, ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ். பதிவான இடம் நியூ ஜெர்சியில் உள்ள வான் கெல்டர் ஸ்டூடியோ; ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அங்கேதான், என் பழைய பட்டியலில் அது மூன்றாவதாக இருந்தது. தெரியாத பெயர்கள் இன்னும் ஏழெட்டு மிச்சமிருக்கும். அவற்றைப் புதுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.